எண்ணெய்க் கையும் புதுப் பெட்டியும்

குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்குப் போகிற சாலையில், மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்து விற்கிற பழக்கடைகள் முடிகிற இடத்தில், ஒரு மாடிப்படி இருக்கிறது. படிக்குக் கீழே ஒரு வாளித் தண்ணீர், ஒரு டப்பாவில் கடலை மாவு, கம்பியில் நாலைந்து துண்டுகள். இதைப் பார்த்து மசாஜ் கடை என்று நினைத்து மேலே ஏறி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். மேலே இருப்பது ரூபியின் கேம் சென்டர். கடலை மாவு போட்டுக் கையைக் கழுவி, ஏறிவந்து, உள்ளங்கையை ரூபியின் மூக்குக்கு நேராக நீட்ட வேண்டும். அவள் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினால்தான் ரிமோட் கைக்கு வரும். ரிமோட் என்றால் டிவி ரிமோட் இல்லை. இரண்டு கையாலும் பிடித்து விளையாடுகிற கருவியை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஊர் அப்படி. குற்றாலத்துக்கு வருகிறவன் முதல் காரியமாக உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொள்வான். அதன் பிறகுதான் அருவி. அந்த நேரம் பார்த்து மலையில் மழை வலுத்து, அருவியில் தண்ணீர் அதிகமாகி, போலீஸ் விசில் அடித்துக் குளிக்கத் தடை என்று கயிற்றைக் கட்டிவிட்டால், அத்தனை பேரும் எண்ணெய் வழிய நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். அப்படி நிற்கிறவர்களில் பாதிப் பேர் ரூபியின் படி ஏறுவார்கள். தடை என்றால் ஊரில் எல்லோர் முகமும் தொங்கிப்போகும், ரூபியின் முகம் மட்டும் மலரும். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பிழைப்பு அப்படி.

ரூபிக்கு நாற்பத்தேழு வயது. தென்காசியில் பிறந்து மேலகரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அப்பா ரத்தினம் ஒரு காலத்தில் வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு விட்டவர். கல்யாண வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும் போய்விட்டு அழுக்கேறி வருகிற டெக்குகளைப் பத்து வயதிலேயே ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் கொடுத்தவள் ரூபி. பன்னிரண்டாவது வயதில், யாரோ பட்டாளத்துக்காரர் ரிப்பேர் என்று கொடுத்துவிட்டுப் போன கேசட் கேம் செட் ஒன்றைக் கழற்றி மூன்று நாளில் திரும்பப் பூட்டினாள். நாலு திருகாணி மிச்சம் கிடந்தது, ஆனால் செட் ஓடியது. அன்றைக்கு வந்த தைரியம் இன்றுவரை ஒரு பிடி குறையவில்லை. கொஞ்சம் கூடுதல்தான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அதை அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுதான் சொல்வார்கள்.

கணவர் செங்கோட்டையில் அரிசிக்கடை வைத்திருக்கிறார், இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கடையின் ஏழு கேம் பெட்டிகளையும் வாங்கியவள், கழற்றியவள், பூட்டியவள் எல்லாம் ரூபிதான். கை என்ன சொல்கிறதோ அதுதான் அவளுக்குச் சாட்சி. பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு யூடியூபில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது. தொட்டுப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது அவள் கட்சி.

கடைக்குள் பைபிள் வசனக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பலகை தொங்குகிறது. வெள்ளைப் பெயிண்டில் அவளே எழுதியது. “புதுப் பெட்டியில் புதிதாக ஒன்றைக் காட்டுகிறவருக்கு ஆயுள் முழுவதும் ஆட்டம் இலவசம். இப்படிக்கு ரூபி.” எர்ணாகுளத்திலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வருகிறவர்கள், “லேட்டஸ்ட் இல்லையா? இன்னும் பழசையே வச்சிருக்கீங்களே” என்று கேட்டுக் கேட்டு, ஒரு நாள் பொறுமை இழந்து எழுதி மாட்டியது. எட்டு வருஷமாகத் தொங்குகிறது. ஒருத்தர்கூட ஜெயித்ததில்லை.

இதை வைத்து ரூபியைப் பழசே உசத்தி என்று பிடித்துக்கொண்டு தொங்குகிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. புதுசு என்றால் அவளுக்கு உயிர். கட்டைவிரலுக்கு ஒன்றாக இரண்டு குமிழ் வைத்த ரிமோட் முதன்முதலில் வந்தபோது, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டை மறந்தவள். கையில் இருக்கும்போதே ரிமோட் அதிர ஆரம்பித்தபோது, “ஏ, இது உசிரோட இருக்கு!” என்று கத்தியவள். மட்டையைப் போல வீசி விளையாடுகிற குச்சி ஒன்று வந்தது. இலஞ்சியிலிருந்து குளிக்க வந்த பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டென்னிஸ் ஆடி, ஒருத்தி டியூப்லைட்டை உடைத்தாள். ரூபி ஒரு வார்த்தை திட்டவில்லை. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. அதெல்லாம் புதுசு. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் படம் துலக்கம், படம் இன்னும் துலக்கம், படம் அதைவிடத் துலக்கம். அவ்வளவுதான் என்பது அவள் தீர்ப்பு.

“நாலாம் நம்பர் பெட்டிக்கும் அஞ்சாம் நம்பர் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்னு கேக்கேன்? பந்து போடுதவன் மூஞ்சியில பரு தெரியுது. பருவப் பாக்கதுக்கு ஒரு பெட்டி வாங்கணுமா?”

கீழே பழக்கடை வைத்திருக்கிற அப்துல் மஜீது ஒருமுறை வாதாடிப் பார்த்தார். பழைய பெட்டியில் ஆட்டம் தொடங்க ஒரு பழத்தை உரித்துத் தின்று முடிக்கிற நேரம் ஆகும், புதியதில் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறதாமே என்றார். ரூபி ஒரே கேள்வியில் அவரை மடக்கினாள்.

“தென்காசியிலருந்து திருநெவேலிக்கு நடுவுல நிக்காம ஒரு பஸ் போனா, அது புது பஸ்ஸா அண்ணாச்சி? அதே பஸ்தான, நிக்கல, அவ்வளவுதான?”

மஜீது யோசித்துப் பார்த்துவிட்டுப் பழத்தை அடுக்கப் போய்விட்டார்.

உருப்படியாக வாதாடியவன் ஜோஷ்வா ஒருத்தன்தான். முப்பத்திரண்டு வயது. சின்ன வயதில் ரூபி கடையிலேயே பழியாகக் கிடந்தவன், இப்போது தென்காசி புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் சொந்தமாகக் கடை போட்டுவிட்டான். ஏசி, ஊதா கலர் விளக்கு, அஞ்சு பெட்டி, அஞ்சும் புதுசு. போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் ஆள் நிறைய இருந்த நேரத்தில் ஏறிவந்து பலகைக்குக் கீழே நின்றான்.

“அக்கா, புதுப் பெட்டி ரிமோட்டுல விரல் வைக்க ட்ரிக்கர் இருக்குல்லா, அது தானா இறுகுது, தானா இளகுது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. நெசமாவே புதுசு.”

“எண்ணெய்க் கைலே அது,” என்றாள் ரூபி. “நம்மூர்ல ட்ரிக்கர் இறுகாம என்ன செய்யும்? கழுவச் சொல்லு, சரியாப் போவும்.”

கடையே சிரித்தது. ஜோஷ்வாவுக்குக் காது சிவந்துவிட்டது.

“எங் கடைக்கு வந்து ஒருவாட்டி தொட்டுப் பாருங்களேன்.”

“நான் எதுக்குலே வரணும்? பலகையில என்ன எழுதிருக்கு? காட்டுதவன்தான் கொண்டு வரணும்.”

அன்றைக்குப் படி இறங்கிப் போனவன் பிறகு வரவில்லை. ரூபிக்கும் அவன் கடைக்குப் போகத் தோன்றவில்லை. தான் ஜெயித்த வழக்கில் திரும்ப எதற்கு விசாரணை?

ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை. காலையிலேயே ஐந்தருவியிலும் மெயின் அருவியிலும் தடை போட்டுவிட்டார்கள். ரூபியின் கடையில் நிற்க இடமில்லை. ஈரத்துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஏழு பெட்டிக்கும் முன்னால் கூட்டம். வாளித் தண்ணீரை அவள் மூன்று தடவை மாற்றிவிட்டாள். அந்த நேரத்தில் ஒரு கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு லோகநாயகி ஏறிவந்தாள்.

லோகநாயகி, லாரி டிரைவர் சிவசைலத்தின் மனைவி. சிவசைலம் இருபத்தொன்பது வருஷம் தென்காசிக்கும் புனலூருக்கும் லாரி ஓட்டியவர். சிமெண்டு, வைக்கோல், காய்கறி, எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டி ஆரியங்காவு வழியாக மலை ஏறிப் போவார். திரும்பி வருகிற வழியில் ரூபி கடையில் அரைமணி நேரம் கார் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். எறங்கியும் வண்டிதானா என்று லோகநாயகி சண்டை பிடிப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை கண்ணில் இறங்கியது. இடது கண் போயே போய்விட்டது, வலது கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். லாரியை விற்றாகிவிட்டது. மனுஷர் இலஞ்சியில் வீட்டோடு இருக்கிறார். ஓசூரில் வேலை பார்க்கிற மகள் சண்முகப்பிரியா பொங்கலுக்கு வரும்போது அப்பாவுக்கு ஒரு புதுப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். கண் தெரியாதவருக்குக் கேம் பெட்டியா என்று தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

“வண்டி எடது பக்கமா இழுக்குதாம்,” என்றாள் லோகநாயகி. “வீல் அலைன்மென்ட் பாத்துத் தரச் சொல்லி உட்டாவ ஒங்க அண்ணாச்சி.”

ரூபி சிரித்துவிட்டாள். ரிமோட்டின் குமிழ் தேய்ந்தால் கார் ஒரு பக்கமாகப் போகும். மாற்ற ஒரு மணி நேர வேலை.

“அவரு எப்படி மதினி ஓட்டுதாரு? கண்ணுதான்...”

“காதுல மாட்டிக்கிட்டு சத்தத்த வச்சு ஓட்டுதாவ. நான் என்னத்தக் கண்டேன்? முன்ன சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தாவ, இப்ப டிவியப் பாத்துட்டு உக்காந்திருக்காவ. வாய்ல சிரிப்பு இருக்கு. எனக்கு அது போதும்.”

ரூபி குமிழை மாற்றினாள். பெட்டியை டிவியில் மாட்டி, கார் ஆட்டத்தைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். கார் நேராகப் போனது. ஆனால் பிரேக்குக்கு உண்டான ட்ரிக்கர், ரிமோட்டின் நெற்றியில் இடது ஆள்காட்டி விரலுக்குக் கீழே இருக்கிற அந்த விசை, பாதியிலேயே இறுகியது. இன்னும் அழுத்தினால் கடகடவென்று நடுங்கியது. ரூபி ரிமோட்டை மூக்கருகே கொண்டுபோனாள். மூட்டுவலித் தைல வாடை வந்தது. சிவசைலத்துக்கு இடது முழங்கால் தகராறு என்பது ஊருக்கே தெரியும்.

“எண்ணெய் உள்ள எறங்கிருக்கு மதினி. அதையும் பாத்துருதேன்.”

திறந்தாள். உள்ளே கொள்ளு அளவுக்கு ஒரு பல்சக்கரமும், அதை ஒட்டிக் குட்டியாக ஒரு மோட்டாரும், ட்ரிக்கரைத் தடுத்துக்கொண்டு நெம்புகோல் மாதிரி ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் நெம்பும் இருந்தன. இதுவரை அவள் பார்க்காத அமைப்பு. வேறொரு நாளாக இருந்தால் இது எதற்கு இங்கே என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பாள். அன்றைக்குப் பின்னால் கோயம்புத்தூர்க் கூட்டம் ஓவென்று கத்திக்கொண்டிருந்தது, ஒருத்தன் கை கழுவாமல் ரிமோட்டைத் தொட்டுவிட்டான், இன்னொருத்தன் ஸ்கோர் தப்பு என்று சண்டைக்கு வந்தான். எண்ணெய் பட்டு அடைத்துக்கொண்ட ஏதோ அதிரும் மோட்டார் என்று அவள் முடிவு கட்டினாள். நெம்பு வெளியே வர மறுத்தது. கட்டரால் நறுக்கி எடுத்தாள். வலது பக்கத்திலும் அதேபோல இருந்தது, அதையும் நறுக்கினாள். இப்போது இரண்டு ட்ரிக்கரும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் வந்தன.

“அலைன்மென்ட்டுக்கு மட்டும் கொடுங்க மதினி, இது சும்மா. இனி ஊதுனாப் போதும், ஓடும்னு சொல்லுங்க அண்ணாச்சிட்ட.”

சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை தடையை எடுத்துவிட்டார்கள். ஊரே அருவியில் நின்றது, கடையில் ஈ ஓட்ட ஆள் இல்லை. நண்பகல் வேளையில் கீழே வாளித் தண்ணீர் சலசலத்தது, பிறகு படியில் காலடிச் சத்தம் கேட்டது, மெதுவாக, இரண்டு பேராக. சிவசைலம் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறிவந்து, வாசலில் நின்று, பழைய வழக்கப்படி உள்ளங்கையை நீட்டினார். ரூபி எழுந்து வந்தாள்.

“என்ன அண்ணாச்சி, ஒங்க கைய நான் பாக்கணுமா? வாங்க, உக்காருங்க. வண்டி எப்படி ஓடுது?”

“பிரேக்கு இல்லாம வண்டிய அனுப்பிட்டியே தாயி,” என்றார் சிவசைலம்.

ரூபி விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. லோகநாயகி பெட்டியைப் பையிலிருந்து எடுத்தாள். ரூபி மாட்டினாள். ஆட்டம் தொடங்கியது. சிவசைலம் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, டிவிக்கு நேராக முகத்தை வைத்து, ரிமோட்டைப் பிடித்தார். முதல் வளைவிலேயே கார் சுவரில் போய் மோதியது. திரும்ப எடுத்தார். திரும்ப மோதியது. மூன்றாவது முறை அவர் எடுக்கவில்லை. ரிமோட்டை மடியில் வைத்துவிட்டார்.

“நான் ஓட்டுனா மோதாது. இருவத்தொம்பது வருசத்துல ஒரு ஆட்டுக்குட்டிய இடிச்சதில்ல நான்.”

“பின்ன என்ன ஆச்சு?”

“வளைவு வருதுன்னு காதுல சத்தம் சொல்லும். எவ்வளவு அமுக்கணும்னு யாரு சொல்லுவா? இந்த விரல்தான் சொல்லிட்டிருந்திச்சு. பிரேக்க அமுக்குனா பாதியில கனக்கும். மேல அமுக்குனா வீலு இழுத்துட்டுப் போறது விரல்ல துடிக்கும். அங்கன விட்டுப் பிடிக்கணும். ரோட்ட விட்டு மண்ணுல எறங்குனா ஆக்சிலேட்டரு சொரசொரன்னு இருக்கும். லாரியில அதெல்லாம் கால்ல தெரியும் எனக்கு. மழை பெஞ்சா மலை எறக்கத்துல கண்ணாடியில என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. கால வச்சுத்தான எறக்குனேன். அந்தக் கால் இங்கன விரலுக்கு வந்திருந்திச்சு. நீ என்ன செஞ்சியோ, இப்ப ஊமையாக் கெடக்கு.”

ரூபிக்கு இப்போதுதான் விளங்கியது. எட்டு வருஷமாக எவனாவது புதிதாக ஒன்றைக் காட்டட்டும் என்று பலகை எழுதி மாட்டி வைத்திருக்கிறாள். அந்தப் புதுசு தானாகப் பையில் ஏறி அவள் மேஜைக்கு வந்து, அவள் விரலையே தொட்டுச் சொல்லியிருக்கிறது. அவள் அதை அழுக்கு என்று சொல்லி நறுக்கிப்போட்டுவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட, மடியில் ரிமோட்டை வைத்துக்கொண்டு அந்த மனுஷர் உட்கார்ந்திருந்த இருப்பு தாங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு முறை அவரிடமிருந்து வண்டியைப் பிடுங்கியாகிவிட்டது. இது இரண்டாவது முறை.

“தப்பு எம் மேலதான் அண்ணாச்சி,” என்றாள். “எண்ணெய்னு நெனச்சு வெட்டிட்டேன். சரி பண்ணிருவேன்.”

“பண்ணிருவியா?”

“பண்ணிருவேன். இங்கனயே உக்காந்திருங்க.”

இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பிரித்த எதையும் பூட்டத் தெரியும். வேண்டியதெல்லாம் முழுசாக இருக்கிற இரண்டு நெம்பு. அது தென்காசியில் ஒரே ஒரு கடையில்தான் கிடைக்கும்.

ஸ்கூட்டரில் போகும்போது வழியெல்லாம் மனதுக்குள் ஒரு பொய்யைத் தயார் செய்தாள். ரிமோட் கீழே விழுந்து உடைந்துவிட்டது, ஒரு பழைய ரிமோட் கொடு என்று கேட்டால் போதும். ஜோஷ்வா கொடுத்துவிடுவான், அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டான். பலகையும் தொங்கும், பெயரும் கெடாது. மேலகரம் தாண்டுகிற வரை இந்தப் பொய் ரொம்ப நன்றாக இருந்தது. தென்காசிக் கோபுரம் கண்ணில் பட்டபோது கொஞ்சம் புளித்தது. ஜோஷ்வாவின் கடைக் கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது தொண்டையைத் தாண்டி வரவில்லை.

கடையில் ஏழெட்டுக் காலேஜ் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜோஷ்வா கல்லாவிலிருந்து எழுந்தான்.

“என்னக்கா, அதிசயமா இருக்கு. இன்னைக்கு அருவி தொறந்தாச்சோ?”

ரூபி குத்தலை வாங்கிக்கொண்டாள். “ஒரு ரிமோட் கொடுலே. தொட்டுப் பாக்கணும்.”

அவன் எடுத்துக் கொடுத்தான். கார் ஆட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ரூபி கண்ணை இறுக மூடிக்கொண்டு பிரேக்கை அழுத்தினாள். பாதியில் விசை எதிர்த்தது. இன்னும் அழுத்தினாள். விரலுக்கடியில் டயர் துடித்தது. லேசாக விட்டாள், துடிப்பு நின்றது. கையில் ரிமோட் முதன்முதலில் அதிர்ந்த அன்றைக்கு வந்த அதே புல்லரிப்பு முழங்கை வரை ஏறியது. ஏசி சத்தத்தையும் மீறி, கடையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள்.

“நீ மாசி மாசம் வந்து சொன்னது நெசம்லே. நான்தான் தொட்டுப் பாக்காமலே எண்ணெய்னு சொல்லி ஒன்ன நாலு பேரு முன்னால சிரிக்க வச்சேன். போன வெள்ளிக்கிழமை, கைக்கே வந்ததையும் எண்ணெய்னு சொல்லி வெட்டித் தூரப் போட்டுட்டேன். ஒரு மனுசரோட பிரேக்கு அது.”

காலேஜ் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஜோஷ்வா இந்த நாளுக்காக ஐந்து மாதம் காத்திருந்தவன். சொல்வதற்கு நாக்கைப் பிடுங்குகிற மாதிரி எத்தனையோ வைத்திருந்திருப்பான். சிவசைலம் விஷயத்தை அவள் சொல்லி முடித்தபோது அதையெல்லாம் எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை போல. உள்ளே போய் அட்டைப்பெட்டியைக் குடைந்து இரண்டு ரிமோட்டை எடுத்து வந்தான்.

“போர்டு போனது ரெண்டும். ட்ரிக்கரு நல்லாருக்கு. கொண்டு போங்க.”

“என்ன வேணும் ஒனக்கு?”

“ஆயுள் முழுக்க இலவச ஆட்டத்த வச்சுட்டு நான் என்ன பண்ண? எங்கிட்டயே அஞ்சு கெடக்கு. அந்தப் பலகையில எம் பேர எழுதணும். ஒங்க கையால.”

“எழுதுதேன்,” என்றாள் ரூபி.

திரும்பி வந்து மேஜை விளக்கைப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் கத்தவில்லை, யாரும் கை கழுவாமல் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் தலை நிமிரவில்லை. சக்கரத்தின் பல்லில் நெம்பைச் சரியான இடத்தில் கோக்காவிட்டால் பிரேக் முன்னாலேயே இறுகிவிடும். இரண்டு தடவை பூட்டிக் கழற்றினாள். மூன்றாவது முறை பூட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அவளே ஓட்டிப் பார்த்தாள். சுவரில் மோதினாள். ஆனால் மோதுவதற்கு முன் விரலில் எல்லாமே தெரிந்தது. ஓட்டத் தெரியாதது அவள் குற்றம், ரிமோட்டின் குற்றம் இல்லை.

“இந்தாங்க அண்ணாச்சி.”

சிவசைலம் வாங்கி, முதலில் இரண்டு ட்ரிக்கரையும் சும்மா அழுத்திப் பார்த்தார். ஆட்டம் தொடங்கியது. முதல் வளைவு வந்தபோது அவர் உடம்பு லேசாக வலது பக்கம் சாய்ந்தது. இடது விரல் அழுத்தியது, விட்டது, திரும்ப அழுத்தியது. கார் வளைந்து வெளியே வந்தது. இரண்டாவது வளைவு. மூன்றாவது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஏறிவந்த இரண்டு மூன்று பேர் வாசலிலேயே நின்று பார்த்தார்கள். ஓட்டுகிறவருக்குக் கண் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை, நல்லா ஓட்டுதாரு என்று ஒருத்தர் சொன்னார். ஒரு முழுச் சுற்று முடிந்தது. எங்கேயும் மோதவில்லை. சிவசைலம் ஹெட்போனைக் கழற்றினார்.

“அந்தக் கடைசி வளைவு அப்படியே ஆரியங்காவு எறக்கம் தாயி. அங்கன ரெண்டு தடவ விட்டுப் பிடிச்சாத்தான் நிக்கும்.”

ரூபி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நாற்காலியைப் போட்டு ஏறி, நீலப் பலகையைக் கழற்றிக் கீழே இறக்கினாள். வாசலில் நின்றவர்களில் ஒருத்தர், அடிக்கடி வருகிற சங்கரன்கோவில்காரர், சிரித்துக்கொண்டே கேட்டார்.

“என்னம்மா, தோத்துட்டீங்களா? அப்போ புதுப் பெட்டியில புதுசு இருக்கு?”

“ஒண்ணு இருக்கு,” என்றாள் ரூபி. “அத நான் தொட்டுட்டேன், இனி நானே எல்லார்ட்டயும் சொல்லுவேன். ஆனா பரு இன்னைக்கும் பருதான். அதுல எந்த மாத்தமும் இல்ல. அடுத்த புதுசு எவன் கொண்டு வந்தாலும் பலகை இங்கனதான் இருக்கும்.”

“இதுல எனக்கு என்னவோ இலவசம்னு இருக்குமே,” என்றார் சிவசைலம். பலகையைக் கண் தெரிந்த காலத்தில் நூறு தடவை படித்தவர் அவர். “ஆயுள் முழுக்கன்னா, எந்த ஆயுளு? எனக்கா, ஒனக்கா, பெட்டிக்கா?”

“மூணுல எது நீளமோ அது.”

பெயிண்ட் டப்பா காய்ந்து கிடந்தது. வெள்ளை மார்க்கரை எடுத்து, பலகையின் அடியில் இருந்த இடத்தில் நிதானமாக எழுதினாள். எழுதி முடித்துச் சுவரில் மாட்டினாள். சிவசைலம் மனைவியைத் தொட்டார்.

“என்னட்டி எழுதிருக்கா? படி.”

லோகநாயகி எழுத்துக் கூட்டிப் படித்தாள். “சொன்னவர் ஜோஷ்வா. காட்டியவர் சிவசைலம், லாரி டிரைவர்.”

அவர் அவள் பக்கமாகத் தலையைத் திருப்பினார்.

“கடைசியில என்ன போட்டிருக்கு?”

“லாரி டிரைவர்னு போட்டிருக்கு.”

சிவசைலம் தலையாட்டினார். ஹெட்போனை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.